கடலைப் பார்த்து நின்ற ஆண்டெனாக்கள்

எங்கள் ஊர் மொட்டை மாடிகளில் ஆண்டெனாக்கள் சென்னைப் பக்கம் திரும்பி நின்றதில்லை. கடலைப் பார்த்து நின்றன. தூத்துக்குடிக்குத் தெற்கே, உப்புக்காற்றில் இரும்பெல்லாம் சீக்கிரமே துருவேறும் கடற்கரைச் சிற்றூர் அது. 1975 ஆகஸ்ட் 15 அன்றே சென்னையில் தூர்தர்ஷன் நிலையம் வந்துவிட்டது என்று செய்தித்தாளில் படித்திருந்தோம். படித்ததோடு சரி, அந்த அலை எங்களை எட்டவில்லை. 1982ல் இலங்கையில் ரூபவாஹினி தொடங்கிய பிறகுதான், பிதுருதலாகல மலையுச்சியிலிருந்து கிளம்பிய படம் மன்னார் வளைகுடாவைத் தாண்டி எங்கள் தெருவுக்கு வந்து சேர்ந்தது. அப்பா மாடியில் நின்று இரும்புக் குழாயைத் திருப்புவார். அக்கா சன்னல் பக்கம் நின்று, "தெரியுது, தெரியுது... ஐயோ போச்சு" என்று கத்துவாள். காற்று சாதகமாக இருந்த இரவுகளில் கிரிக்கெட், சிங்கள நாடகம், ஆங்கிலத் தொடர், நடுவில் தமிழ் நிகழ்ச்சி என்று எல்லாம் வரும்.

வேறொரு நாடு தன் மக்களுக்காக ஒளிபரப்பியதை நாங்கள் பார்த்தோம். எங்களைத் திருடர்கள் என்று யாரும் சொல்லவில்லை. அலைக்கு வேலி போட முடியாது என்பதால் அந்தப் பேச்சே எழவில்லை.

அம்மாவுக்கு அது புதிதும் இல்லை. 1952ல் தகவல் ஒலிபரப்பு அமைச்சராக வந்த பி.வி.கேஸ்கர், சினிமாப் பாட்டு மக்களின் ரசனையைக் கெடுக்கிறது என்று நினைத்தார். அகில இந்திய வானொலியிலிருந்து திரைப்பாடல்கள் ஏறத்தாழ மறைந்தே போயின. பாட்டுக் கேட்கும் ஆசை மட்டும் மறையவில்லை. இந்தியா முழுக்க ரேடியோ முள்கள் கொழும்புப் பக்கம் திரும்பின. வடக்கே இந்திப் பாட்டுக்காகத் திரும்பின, தெற்கே தமிழ்ப் பாட்டுக்காக. ஐந்து ஆண்டுகள் கழித்து, 1957 அக்டோபர் 3 அன்று விவித் பாரதியைத் தொடங்கித்தான் டெல்லி அந்த நேயர்களைத் திரும்பக் கூப்பிட வேண்டியிருந்தது. அதற்குப் பிறகும் எங்கள் பக்கத்தில் இலங்கை வானொலியை யாரும் விடவில்லை. 'பொங்கும் பூம்புனல்' கேட்டுக்கொண்டேதான் அம்மா காலையில் இட்லி ஊற்றுவாள்.

கொழும்பைத் தேடிப் போன அந்த நேயர்கள் பணம் கட்ட மறுத்தவர்கள் இல்லை. வானொலிப் பெட்டிக்கு அப்போது ஆண்டுதோறும் உரிமக் கட்டணம் உண்டு. காசை இந்திய அரசுக்குக் கட்டிவிட்டு, பாட்டை இலங்கையில் கேட்டார்கள். கேட்டது இங்கே கிடைத்திருந்தால் முள்ளைத் திருப்பியிருக்க மாட்டார்கள். இன்றைய திருட்டுத் தளங்களைப் பற்றி யார் என்ன சொன்னாலும் எனக்கு முதலில் அந்த முள்தான் ஞாபகம் வருகிறது.

சினிமாவுக்கு வருகிறேன். எங்கள் ஊரிலிருந்து இரண்டு மைல் நடந்தால் ஒரு டூரிங் கொட்டகை. தரையில் மணல், பின்னால் பெஞ்சு, அதற்கும் பின்னால் நாலைந்து நாற்காலிகள். படம் சென்னையிலும் மதுரையிலும் ஓடி, திருநெல்வேலி வந்து, தூத்துக்குடி வந்து, திருச்செந்தூர் வந்து, கடைசியில் எங்களிடம் வரும். ஏ சென்டர், பி சென்டர், சி சென்டர் என்று விநியோகஸ்தர்கள் வகுத்த வரிசை அது. நாங்கள் சி. படப்பெட்டி எங்களிடம் வருவதற்குள் ஆறு மாதமும் ஆகும், ஒரு வருடமும் ஆகும். பிரிண்டில் கோடு கோடாக மழை பெய்துகொண்டிருக்கும், அறுந்த இடங்களில் ஒட்டுப் போட்டிருப்பார்கள். ஒரு பாட்டில் பாதியே காணாமல் போயிருக்கும்.

ஆக, ஒருவருக்கு முதலில், மற்றவருக்குப் பிறகு என்ற ஏற்பாடு இன்று முளைத்ததில்லை. அன்றும் இருந்தது, அதன் பின்னால் பணக்கணக்கும் இருந்தது. ஆனால் பெட்டி வரும். என்றைக்கு என்று தெரியாது, வரும் என்பது தெரியும். ரிக்‌ஷாவில் ஒலிபெருக்கி கட்டிக்கொண்டு நோட்டீஸ் வீசிப் போகும் நாளில், ஊரே ஒரு வருடமாகக் காத்திருந்ததை அன்று மாலையே பார்த்துவிடும். காத்திருந்தால் கிடைக்கும் என்ற நம்பிக்கை இருக்கும்வரை மனிதர்கள் நியாயமாகவே காத்திருக்கிறார்கள்.

பிறகு டெக் வந்தது. வீடியோ கேசட் பிளேயரை யாரும் அந்தப் பெயரில் சொன்னதில்லை, டெக் என்றால் போதும். சடங்கு வீடு, கல்யாண வீடு, பொங்கலுக்கு மறுநாள் என்று ஏதாவது ஒரு காரணம் சொல்லி, கலர் டிவியும் டெக்கும் மூன்று கேசட்டுமாக ஓர் இரவுக்கு வாடகைக்கு எடுப்பார்கள். முற்றத்தில் பாய் விரித்து, தெருவே கூடி, விடிய விடிய மூன்று படம். மூன்றாவது படத்தில் ஆச்சி மட்டும் விழித்திருப்பாள். அந்தக் கேசட்டுகளில் முறையாக வந்தது எது, பிரதி எடுத்தது எது என்று யாருக்குத் தெரியும்? அரசு விழித்துக்கொண்டது. 1984ல் காப்புரிமைச் சட்டத்தைத் திருத்தி, திருட்டுப் பிரதிக்கு 6 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறை என்று கடுமையாக்கினார்கள். அதே ஆண்டு தமிழ்நாட்டில் வீடியோ காட்சிகளை முறைப்படுத்தத் தனிச் சட்டமே வந்தது. கேசட்டுக்குப் பின்னால் விசிடி வந்தபோது பர்மா பஜாரின் பெயர் ஊர் ஊராகப் பரவியது. பர்மாவிலிருந்து திரும்பிய தமிழர்கள் பிழைப்பதற்காக உருவான கடைவீதி, திருட்டு விசிடியின் மறுபெயராகிப் போனது வருத்தமான கதை. 2004ல் குண்டர் சட்டத்தில் வீடியோ திருடர்களையும் சேர்த்தார்கள். ஓராண்டு வரை விசாரணையே இல்லாமல் உள்ளே வைக்கலாம்.

நானும் வாங்கினேன். சென்னையில் வேலை பார்த்த முதல் ஆண்டுகளில், ரிலீசான மூன்றாம் நாள் விசிடி. திரையரங்கில் யாரோ ஒளித்து வைத்துப் பிடித்த படம், நடுவில் ஒரு தலை எழுந்து போகும், சிரிப்புச் சத்தம் வசனத்தை மூடும். அதை வாங்கிக்கொண்டு ஒரு தீபாவளிக்கு ஊருக்குப் போனேன். கொட்டகையில் படம் ஓட்டிய ஆபரேட்டர் அண்ணாச்சி வீட்டுக்கு வந்திருந்தார். மேசையில் கிடந்த உறையை எடுத்துப் பார்த்தார், திருப்பி அங்கேயே வைத்தார்.

"தம்பி, நீங்க இத ஒரு தட்டு வாங்குனா, எங்க கொட்டகையில பத்து டிக்கெட்டு கிழியாது. முந்தி பொட்டி எப்ப வரும்னு கேப்பாவ. இப்ப பொட்டி வருது, ஆளு வரல."

அதற்கு அடுத்த சில வருடங்களில் கொட்டகை போனது. இன்று அந்த இடத்தில் கல்யாண மண்டபம். அண்ணாச்சி கொஞ்ச நாள் அங்கேயே வாட்ச்மேனாக இருந்தார். அந்தக் கொட்டகை மூடியதற்குக் கேபிளும் ஒரு காரணம், வரியும் ஒரு காரணம், நிலத்தின் விலையும் ஒரு காரணம் என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் அவர் உறையைத் திருப்பி வைத்த விதம் மறக்கவில்லை. ரிலீசான வாரத்தில் திருட்டுப் பிரதி பார்ப்பதை அன்றோடு விட்டேன். தமிழ் சினிமாவில் படம் பெரும்பாலும் வட்டிப் பணத்தில் எடுக்கப்படுகிறது. முதல் சில நாள் வசூல்தான் அந்த வட்டியைக் கட்டுகிறது. அந்த நாட்களில் படத்தைத் திருடிப் பரப்புவதற்கு ஆதரவாக என்னிடம் ஒரு சொல்லும் கிடையாது. 2023ல் திருத்தப்பட்ட ஒளிப்பதிவுச் சட்டம், திரையரங்கில் படம் பிடிப்பவருக்கு 3 மாதம் முதல் 3 ஆண்டு சிறையும், 3 லட்சம் ரூபாயில் தொடங்கித் தயாரிப்புச் செலவில் 5 சதவீதம் வரை அபராதமும் விதிக்கிறது. அது சரி என்றே நினைக்கிறேன்.

நான் பேச வந்தது வேறொன்றைப் பற்றி: காசைக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் நிற்பவனுக்கும் விற்க மாட்டேன் என்பது.

முதன்முதலில் அதைச் சந்தித்தது அக்காவால். கல்யாணமாகி கனடா போனவள், இரண்டு வருடம் கழித்து ஊருக்கு வரும்போது அத்தானுடன் ஒரு பெட்டி நிறைய ஆங்கிலப் பட டிவிடி கொண்டுவந்தாள். எனக்காக, காசு கொடுத்து, நல்ல கடையில் வாங்கியவை. எங்கள் பிளேயரில் ஒன்றுகூட ஓடவில்லை. தட்டு கெட்டுவிட்டது என்றுதான் முதலில் நினைத்தோம். பிறகுதான் தெரிந்தது, ஹாலிவுட் நிறுவனங்கள் உலகத்தை ஆறு மண்டலங்களாகப் பிரித்து, ஒரு மண்டலத்தின் தட்டு இன்னொரு மண்டலத்தின் பெட்டியில் ஓடாதபடி பூட்டியிருக்கிறார்கள் என்று. அமெரிக்காவும் கனடாவும் 1. ஐரோப்பா 2. மலேசியாவும் சிங்கப்பூரும் 3. ஆஸ்திரேலியா 4. இந்தியாவும் இலங்கையும் 5. வரைபடத்தைப் பார்த்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். தமிழர்கள் சிதறிக் கிடக்கும் நாடுகள் அத்தனையும் அந்த ஐந்துக்குள் வந்துவிட்டன. நம் பழைய புலவர்களும் நிலத்தை ஐந்தாகத்தான் பிரித்தார்கள். மலைக்கும் கடலுக்கும் காட்டுக்கும் ஏற்ப வாழ்க்கை மாறுகிறது என்பதற்காகப் பிரித்தார்கள். இது ஒரே குடும்பத்தின் அக்காவையும் தம்பியையும் ஒரே படம் பார்க்கவிடாத பிரிவு.

சென்னை ரிச்சி தெருவில் ஒரு பையன் ரிமோட்டில் ஏதோ நாலு எண்ணை அழுத்தி என் பிளேயரின் பூட்டைத் திறந்து கொடுத்தான். காசு கொடுத்து வாங்கிய தட்டைப் பார்ப்பதற்காகப் பூட்டு உடைத்தவன் நான். அதற்காக இன்றுவரை வெட்கப்பட்டதில்லை.

ஓடிடி வந்தபோது இதெல்லாம் முடிந்தது என்று உண்மையாகவே நம்பினேன். 2016 ஜனவரி 6 அன்று நெட்ஃபிளிக்ஸ் ஒரே நாளில் இந்தியா உட்பட 130 நாடுகளில் நுழைந்தது. அதே ஆண்டு டிசம்பரில் அமேசான் பிரைம் வந்தது, ஹாட்ஸ்டார் முந்தைய ஆண்டே வந்திருந்தது. மாதம் ஒரு சின்னத் தொகை, நல்ல படம், நல்ல ஒலி, வைரஸ் பயம் இல்லை, குற்ற உணர்வும் இல்லை. முகவரியின் வாலை மாற்றி மாற்றி ஓடிக்கொண்டிருந்த தமிழ்ராக்கர்ஸ் என்ற திருட்டுத் தளத்தின் பெயரை எங்கள் வீட்டில் யாரும் சொல்லாமலே சில வருடங்கள் போயின. யாரும் எங்களை மிரட்டித் திருத்தவில்லை. சௌகரியமாகக் கிடைத்தது, அதனால் திருந்தினோம். 2020 மே 29ல் 'பொன்மகள் வந்தாள்' திரையரங்குக்கே போகாமல் நேராக வீட்டுக்கு வந்தது, நவம்பரில் 'சூரரைப் போற்று'. ஊரடங்கில் அடைந்து கிடந்த நாட்களில் எங்கள் தெருவில் ஐந்தாறு வீடுகளில் ஒரே இரவில் ஒரே படத்தின் சத்தம் கேட்டது. டெக் எடுத்த இரவு திரும்பி வந்ததுபோல இருந்தது.

ஆனால் பூட்டும் முதல் நாளிலிருந்தே கூட வந்திருக்கிறது, நான்தான் கவனிக்கவில்லை. 130 நாடுகளில் கதவு திறந்த அதே ஜனவரியில், விபிஎன் போட்டு இன்னொரு நாட்டுப் பட்டியலைப் பார்ப்பவர்களைத் தடுக்கப் போவதாக நெட்ஃபிளிக்ஸ் அறிவித்துவிட்டது. கடை ஒன்றுதான், ஒவ்வொரு நாட்டிலும் அலமாரி வேறு. பிறகு கடைகளும் பெருகின. ஒரு தமிழ்ப் படத்தின் டிஜிட்டல் உரிமையை இந்தியாவுக்கு ஒருவரும் வெளிநாடுகளுக்கு இன்னொருவரும் வாங்குகிறார்கள். டெண்ட்கொட்டா, சிம்ப்ளி சவுத் போன்ற தளங்கள் இந்தியாவுக்கு வெளியே இருக்கும் தமிழர்களுக்காகவே தொடங்கியவை. டெண்ட் கொட்டகையின் பெயரை வைத்த தளம், கொட்டகை இருந்த ஊருக்காக உருவானதில்லை.

போன வருடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை டொரண்டோவிலிருந்து அக்கா கூப்பிட்டாள்.

"ஏலே, நீ சொன்ன படம் இங்க வரலடா. உங்க பகுதியில் கிடைக்காதுன்னு போடுது. இதே கம்பெனிக்குத்தான் நானும் மாசாமாசம் கட்டுதேன்."

"இங்க இருக்குக்கா. இப்பக்கூட பாத்துக்கிட்டிருக்கேன்."

"அப்ப நான் எந்தப் பகுதிடா?"

என்ன பதில் சொல்வது என்று தெரியவில்லை. அவள் இங்கே வந்திருந்தபோதும் இதே கதைதான். அங்கே கட்டிய சந்தாவை இங்கே திறந்தால் பாதி பார்த்து வைத்திருந்த தொடர் காணவில்லை. ஐரோப்பிய ஒன்றியம் இந்தத் தொல்லையை ஓரளவு புரிந்துகொண்டது. தன் நாட்டில் காசு கட்டிய தளத்தை ஒன்றியத்தின் வேறு நாட்டுக்குத் தற்காலிகமாகப் போகும்போதும் அப்படியே பார்க்கலாம் என்று 2018 ஏப்ரல் 1 முதல் சட்டமாக்கியது. நாடுவிட்டு நாடு போய்ப் பிழைக்கும் தமிழர்களுக்கும் ஈழத்தமிழர்களுக்கும் அப்படி ஒரு சட்டம் யார் செய்வார்கள்?

வந்தது திரும்பிப் போவது இன்னொரு கொடுமை. 2023 மார்ச் 31 அன்று எச்.பி.ஓ.வின் தொடர்கள் ஹாட்ஸ்டாரிலிருந்து நீங்கின. மே மாதம் ஜியோசினிமாவுக்கு வந்தன. நடுவில் ஒரு மாதத்துக்கு மேல், 'கேம் ஆஃப் த்ரோன்ஸ்' போன்ற உலகப் புகழ்பெற்ற தொடரைச் சந்தா கட்டிப் பார்க்க இந்தியாவில் இடமில்லை. 2025 பிப்ரவரியில் அந்த இரண்டு தளங்களும் ஒன்றாகி ஜியோஹாட்ஸ்டார் ஆயின. கம்பெனிகளின் பேரத்துக்கெல்லாம் நடுவில் பார்வையாளன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வீடு மாறிக்கொண்டே இருக்கிறான். நயன்தாரா நடித்த 'அன்னபூரணி' 2023 டிசம்பரில் தணிக்கைச் சான்றிதழோடு திரையரங்குகளில் ஓடிய படம். மாதக் கடைசியில் நெட்ஃபிளிக்ஸுக்கு வந்து, புகார்கள் எழுந்ததும் ஜனவரியில் நீக்கப்பட்டது. அடுத்த ஆகஸ்டில் சிம்ப்ளி சவுத்தில் வெளிநாட்டுத் தமிழர்களுக்குக் கிடைத்தது. தமிழ்நாட்டில் எடுத்த தமிழ்ப் படத்தை அன்று அக்காவால் பார்க்க முடிந்தது, என்னால் முடியவில்லை. படத்தைப் பற்றி எனக்கு வேறு கருத்து இருக்கலாம். பார்த்தால்தானே கருத்து?

வேலி போட்டால் மக்கள் என்ன செய்வார்கள் என்பதை 2013 ஜனவரியில் கண்ணாரப் பார்த்தோம். 'விஸ்வரூபம்' தமிழ்நாட்டில் தடைபட்டு நிற்க, கேரளத்தில் ஓடியது. எல்லையோர ஊர்க்காரர்கள் பஸ் பிடித்துப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார்கள். பஸ் டிக்கெட்டும் சினிமா டிக்கெட்டும் காசு கொடுத்தே வாங்கினார்கள். அதற்கு முந்தைய ஆண்டு '3' படத்தின் திருட்டுப் பிரதியைத் தடுக்க சென்னை உயர் நீதிமன்றத்தில் ஆணை வாங்கினார்கள். பெயர் தெரியாத பிரதிவாதிகளை 'அசோக் குமார்' என்று குறிப்பிடும் வகை ஆணை. அதை வைத்துக்கொண்டு இணையச் சேவை நிறுவனங்கள் விமியோ போன்ற முழுத் தளங்களையே மூடிவிட்டன. குறும்படம் எடுத்துத் தன் படத்தைத் தானே ஏற்றி வைத்திருந்த பிள்ளைகளுக்கும் கதவு சாத்தப்பட்டது. குறிப்பிட்ட பக்கங்களை மட்டுமே தடுக்க வேண்டும் என்று நீதிமன்றமே அந்த ஜூனில் தெளிவுபடுத்த வேண்டி வந்தது.

பிரத்யேக உரிமையே கூடாது என்று நான் சொல்லவில்லை. ஒரு தளம் தனக்கு மட்டும் என்று வாங்குவதால்தான் சில நல்ல படங்களுக்குப் பணம் கிடைக்கிறது. திரையரங்குக்காரர்கள் திரும்பிப் பார்க்காத சின்னப் படங்களுக்கு அதுதான் உயிர். எங்கள் கொட்டகைக்குப் பெட்டி வரக் காத்திருந்ததுபோல ஒரு வருடம், இரண்டு வருடம் காத்திருக்கலாம். வாங்கி வைத்துக்கொண்டு காட்டவும் மாட்டேன், விற்கவும் மாட்டேன், வேறு யாரும் காட்டவும் கூடாது என்று பூட்டி வைப்பதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. நம் சட்டமே அதை ஏற்கவில்லை. 1957 காப்புரிமைச் சட்டத்தின் 31ஆம் பிரிவு, வெளியான ஒரு படைப்பை உரிமையாளர் மக்களுக்குக் கிடைக்கவிடாமல் தடுத்தால், நியாயமான தொகை நிர்ணயித்து வேறொருவருக்குக் கட்டாய உரிமம் கொடுக்க வழி செய்கிறது. வானொலி நிலையங்கள் பாட்டுக்காக அதைப் பிடித்துக்கொண்டு உச்ச நீதிமன்றம் வரை போயிருக்கின்றன. சாதாரணப் பார்வையாளன் எந்த வக்கீலைப் பிடித்து எந்தக் கோர்ட்டுக்குப் போவான்? இயக்குநர் சேரன் 2015ல் 'சினிமா டூ ஹோம்' என்று தொடங்கி, புதுப் படத்தை 50 ரூபாய் டிவிடியாக வீட்டுக்கே கொண்டுவந்து கொடுக்கப் பார்த்தார். திருட்டு விசிடியை அதன் விலையிலேயே, அதைவிட நல்ல தரத்தில் வெல்லும் வழி அது. அன்று அதற்குத் தோள்கொடுக்க ஆள் இல்லாமல் போனது இன்றைக்கும் என் மனத்தாங்கல்.

அதைவிடப் பெரிய கவலை ஒன்று உண்டு. இந்தியாவில் படத்தின் காப்புரிமை 60 ஆண்டு. முன்பு 50 ஆக இருந்தது. தாகூரின் எழுத்துகள் பொதுவுக்குப் போகும் நேரத்தில், அதைத் தள்ளிப்போட 1992ல் 10 ஆண்டு கூட்டினார்கள். 60 ஆண்டு முடிந்ததும் படம் எல்லோருக்கும் சொந்தம் என்பது சட்டம் மக்களுக்குக் கொடுத்த வாக்கு. அந்த 60 ஆண்டும் யாரும் ஒரு பிரதிகூட எடுக்கவில்லை, உரிமையாளரும் நெகடிவைக் காப்பாற்றவில்லை என்றால், கடைசியில் எது நமக்குச் சொந்தமாகும்? 1931ன் 'காளிதாஸ்' இன்று இல்லை. டி.பி.ராஜலட்சுமி 1936ல் இயக்கிய 'மிஸ் கமலா', தமிழில் ஒரு பெண் இயக்கிய முதல் படம், அதுவும் இல்லை. 1922ல் ஜெர்மனியில் எடுத்த 'நோஸ்ஃபெராட்டு', டிராகுலா கதையை அனுமதியில்லாமல் எடுத்தது என்று வழக்காகி, பிரதிகளை அழிக்கச் சொன்னது நீதிமன்றம். ஆணைக்குத் தப்பிய பிரதிகளால்தான் உலகம் இன்று அதைப் பார்க்கிறது. பி.பி.சி. 'டாக்டர் ஹூ'வின் பழைய நாடாக்களை அழித்துவிட்டது. காணாமல் போன அத்தனை பகுதிகளுக்கும் இன்று ஒலி மட்டுமாவது இருக்கிறதென்றால், வீட்டில் டிவி முன்னால் டேப் ரிக்கார்டரை வைத்துப் பதிவு செய்த ரசிகர்கள்தான் காரணம். நாகர்கோவில்காரர் எடுத்த மௌனப்படம் 'மார்த்தாண்ட வர்மா'வின் கதை வேறு விதம். அதன் மூல நாவலைப் பதிப்பித்தவர்கள் காப்புரிமை வழக்குப் போட்டு 1933ல் படத்தை முடக்கினார்கள். பிரதி அவர்களின் புத்தகக் கடையிலேயே கிடந்தது. 1974ல் புனே திரைப்பட ஆவணக் காப்பகம் அதை மீட்டது. தென்னிந்திய மௌனப் படங்களில் நம் கைக்கு வந்தது அநேகமாக அது ஒன்றுதான். நாற்பது வருடம் யாரும் பார்க்க முடியாமல் கிடந்து தப்பியதை எண்ணி மகிழ்வதா, வருந்துவதா என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.

அம்மாவுக்கு இப்போது 82. கல்யாணமான வருடம் அப்பாவோடு அந்த டூரிங் கொட்டகையில் பார்த்த முதல் படத்தை ஒருமுறை பார்க்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். 1963ல் வந்த படம். பெரிய படமில்லை, யாரும் பட்டியலில் சேர்க்காத படம். நான் சந்தா கட்டும் ஐந்து செயலியிலும் தேடினேன், அக்கா அங்கே தேடினாள். விசிடி வந்ததாகத் தெரியவில்லை. டிவியில் எப்போதோ போட்டார்கள் என்றார் ஒருவர். விசாரித்து விசாரித்து உரிமை யாரிடம் என்று கண்டுபிடித்து எழுதினேன். பதில் வரவில்லை. சட்டப்படி பார்த்தால் 2023ன் முடிவோடு அந்தப் படத்தின் மீதான உரிமையே முடிந்துவிட்டது. எல்லோருக்கும் சொந்தமான படம், யாரிடமும் இல்லை.

கடைசியில் அது மலேசியாவில் கிடைத்தது. அக்காவின் சிநேகிதி ஒருத்தியின் மாமா, ஈப்போக்காரர், மலேசியத் தொலைக்காட்சி தமிழ்ப் படம் போடும் நாட்களில் தவறாமல் பதிவு செய்து வைத்தவர். அந்தக் கேசட்டைப் பலருக்குப் பிரதி எடுத்தும் கொடுத்திருக்கிறார். அன்றைக்கு அது சட்டப்படி குற்றம். பூஞ்சை பிடித்த நாடாவைத் துடைத்து, கணினியில் ஏற்றி, அவர் பிள்ளை அனுப்பி வைத்தார். நான் தொகை எவ்வளவு என்று கேட்டேன். "அம்மா பார்த்துட்டு எப்படி இருந்துச்சுன்னு சொல்லுங்க சார்" என்றார்.

அண்ணாச்சியையும் கூப்பிட்டு வந்தேன். அவருக்கும் எண்பது நெருங்குகிறது. படம் நடுங்கியது, ஓரத்தில் நிறம் வழிந்தது, முதல் பத்து நிமிடம் இல்லவே இல்லை. அண்ணாச்சி ஒட்டு விழும் இடங்களையெல்லாம் முன்கூட்டியே சொல்லிக்கொண்டு வந்தார். திரையின் அடியில் வரி வரியாக மலாய் எழுத்து ஓடியது. டொரண்டோவில் அதே நேரம் அக்காவும் ஓடவிட்டிருந்தாள், கைப்பேசியில் அவள் மூக்கை உறிஞ்சுவது கேட்டது.

இடைவேளை வரைக்கும் அம்மா எதுவும் பேசவில்லை. ஒரு பாட்டு தொடங்கியதும் என் கையைப் பிடித்தாள்.

"இந்த இடத்துலதாம்ல அன்னைக்குக் கரண்டு போச்சி. ஒங்கப்பா வெளிய போயி முறுக்கு வாங்கிட்டு வந்தாவ. அதுக்கு அப்புறம் என்ன நடந்துச்சின்னு நா பாக்கவே இல்ல. கம்முனு இரி, இப்பம் பாப்போம்."